செத்தவரின் இருமல்

"சாயங்காலத்துக்குள்ள நீயா ஒத்துக்கிட்டா மரியாதையா வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா போலீஸ்தான்!"

தயாரிப்பாளர் கத்திய கத்தலில் அலமாரியில் இருந்த விருதுக் கோப்பைகள் கிணுகிணுத்தன. எதிரே நின்றவர் கணினிக்காரர். ஒல்லியான மனிதர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை யாரோ பிடுங்கப் போவதுபோல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், சத்தியமா நான் இல்ல சார்."

"கதை ஃபைலை யாரெல்லாம் திறக்க முடியும்?"

"கதாசிரியரும்... நானும்."

"கதாசிரியர் தன் கதையைத் தானே திருடுவாரா?"

சோபாவில் சாய்ந்திருந்த கதாசிரியர் அவசரமாகத் தலையை ஆட்டினார். தூக்கம் கெட்டுக் கெட்டு அவர் கண்கள் தக்காளியாகச் சிவந்திருந்தன. துப்பறிய ஆள் கூப்பிட்டவரே அவர்தான். "இதுக்கு மேல இன்னொரு முடிவு யோசிக்க என் மண்டையில இடமில்ல. யாராவது வந்து காப்பாத்துங்க" என்று போனில் அழாத குறையாகக் கெஞ்சியிருந்தார்.

காப்பாற்ற வந்தவர்கள் இருவர். ஒருவர் அண்ணி. துப்பறிவதில் பெயர் எடுத்தவர். ஆனால் எந்தப் பெயரை எடுத்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவருடைய உதவியாளராக இருக்கும் நாத்தனார் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் இன்ஸ்பெக்டர்கள் முதல் கைதானவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். நாத்தனாருக்கு வாய் ஓயாது என்பதால் அவளுக்குப் பட்டாசு என்று பெயர் விழுந்திருந்தது. அதை வைத்தவளும் அவளேதான் என்று ஒரு பேச்சு உண்டு.

விவகாரம் இதுதான். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் டி.வி. தொடர் ஒன்று முடியப்போகிறது. மாமனாரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டுக் கொன்றது யார் என்பதுதான் கடைசிக் கேள்வி. கதாசிரியர் எந்த முடிவை எழுதி வைத்தாலும், அதன் மை காய்வதற்குள் இணையத்தில் 'முந்திரிக்கொட்டை' என்ற வம்புப் பக்கத்தில் அது வெளியாகிவிடுகிறது. முடிவை மாற்றினால் மாற்றியதும் வெளியாகிறது. இன்னும் ஒரு தடவை கசிந்தால் தொடரின் இரண்டாம் பாகமே கிடையாது என்று சேனல்காரர்கள் காலையில் சொல்லிவிட்டார்கள்.

"இவரைக் கொஞ்ச நேரம் எங்களுக்குக் குடுங்க. அப்புறம் போலீஸுக்குக் குடுக்கலாம்" என்றார் அண்ணி.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் தயாரிப்பாளர், மேஜை நாற்காலியைச் சொல்வதுபோல.

கணினிக்காரரின் அறை குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு ஜன்னல் வைத்ததுபோல இருந்தது. கறுப்புப் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன.

"இதுதாங்க சர்வர்" என்றார்.

"சர்வர்னா ஹோட்டல்ல தண்ணி வைக்கிறவர்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் பட்டாசு.

"கிட்டத்தட்ட அதே வேலைதாங்க" என்று கணினிக்காரர் சீரியஸாகவே சொன்னார். "கதை, டப்பிங், எடிட்டிங் எல்லாத்தையும் ரூம் மாதிரி தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்கேன். நடுவுல ஒரு புரோகிராம். வேணுங்கிற ஃபைல் எங்க இருக்குன்னு பாதையைச் சொல்லிக் கேட்டா, அது போய் எடுத்துட்டு வந்து குடுக்கும்."

"அது எல்லா ரூமுக்கும் போகுமா?" என்று கேட்டார் அண்ணி.

"போயாகணுமே. எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கணும் இல்லையா? ஆனா டப்பிங்காரங்க கேட்டா, அவங்க சொல்ற பாதை 'டப்பிங்'னு ஆரம்பிக்குதான்னு பார்த்துட்டுத்தான் கிளம்பும்."

"ஆரம்பிச்சா போதுமா? எங்க போய் முடியுதுன்னு பார்க்காதா?"

கணினிக்காரர் தலையைச் சொறிந்தார். "முதல் தடவை அப்படித்தாங்க ஏமாந்தேன். பாதை நடுவுல ரெண்டு புள்ளி வெச்சா, ஒரு படி வெளியே வான்னு அர்த்தம். டப்பிங்னு ஆரம்பிச்சு, ரெண்டு புள்ளியால வெளியே வந்து, அங்கிருந்து கதை ரூமுக்குள்ள புகுந்துட்டாங்க."

"கோயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, தெருமுனையில திரும்பி சினிமாவுக்குப் போற மாதிரி" என்றாள் பட்டாசு. "எனக்கு அனுபவம் உண்டு."

"அதைக் கண்டுபிடிச்சு அடைச்சிட்டேன். இப்போ புள்ளி புள்ளின்னு எவன் கேட்டாலும் புரோகிராம் துரத்திடும். ஆனா அதுக்கப்புறமும் கசியுது. பூட்டு நான் போட்டது, சாவியும் என்கிட்ட. அப்போ திருடனும் நான்தானே? என் பொண்டாட்டியே நேத்து என்னை ஒரு மாதிரியா பார்த்தா."

பட்டாசு வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டப்பிங் ரூம்ல என்னென்ன இருக்கு? பேரை மட்டும் வாசிங்க."

"நாயகி அழுகை. நாயகி விக்கல். வில்லி சிரிப்பு. வில்லி பெரிய சிரிப்பு. கூட்டம் முணுமுணுப்பு. கதவு தட்டல். இருமல். கண்ணாடி உடைதல்..."

"நிறுத்துங்க!" என்று துள்ளினாள் பட்டாசு. அந்தத் தொடரை அவள் ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள் என்ற ரகசியம் அன்றைக்கு வெளியாயிற்று. "அந்த வீட்டுல இருமினது மாமனார் ஒருத்தர்தான். அவரைத்தான் உருட்டிவிட்டுக் கொன்னாச்சே! செத்தவர் எப்படி இருமுவார்?"

"பழைய ஃபைலா இருக்கும்" என்றார் அண்ணி.

கணினிக்காரர் திரையில் குனிந்தார். "இல்லீங்க. மாமனார் செத்ததுக்கு அப்புறம் வந்ததுதான். அதுவும்..." அவர் கை அப்படியே நின்றது. "அய்யய்யோ. இது சத்தமே இல்லீங்க. சுட்டி!"

"சுட்டின்னா?"

"பார்க்க ஃபைல் மாதிரி இருக்கும். ஆனா உள்ளே ஒண்ணும் இருக்காது. 'நான் இங்க இல்ல, அங்க போ'ன்னு இன்னொரு இடத்தைக் கை காட்டும். இது கதை ரூமைக் காட்டுது!"

அண்ணியின் உதட்டோரம் லேசாக மடங்கியது. "அப்போ 'டப்பிங் ரூம்ல இருமலைத் திற'ன்னு கேட்டா?"

"பாதை டப்பிங்னு ஆரம்பிக்குது. ரெண்டு புள்ளி இல்ல. என் புரோகிராம் 'நம்ம வீட்டு ஆளுதான்'னு நம்பிக் கிளம்பிடும். நேரா கதை ரூமுக்குள்ள போய், கடைசி எபிசோடை எடுத்துக் கையில குடுத்துடும்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏதோ ஒலி ஃபைல் மூட்டைக்குள்ள இதையும் சொருகி ஏத்தியிருக்காங்க. சத்தம்தானேன்னு நான் பிரிச்சுப் பார்க்கவே இல்ல."

"சுட்டின்னு பேரு வெச்சா சேட்டை பண்ணாம என்ன பண்ணும்?" என்றாள் பட்டாசு. "சரி, அழிச்சிடுங்க. இனிமே போறதுக்கு முன்னாடி அது எங்க கை காட்டுதுன்னும் ஒரு தடவை பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"முடியாதுங்க. நான் பார்க்கறப்போ ஒழுங்கா ஒரு ஒலி ஃபைலைக் காட்டும். பார்த்துட்டு நான் திறக்கப் போறதுக்குள்ள அதை மாத்தி வெச்சிட்டா? முன்னாடியே பார்க்கிறதுல பிரயோஜனம் இல்ல. நடக்கும்போது ஒவ்வொரு அடியா பார்க்கணும்."

"யார் பார்க்கிறது?"

"என் புரோகிராம் பார்த்தா லாயக்குப்படாது. எல்லாத்துக்கும் அடியில இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம்தான் நிஜமா நடந்து போய் ஃபைலைத் திறக்கிறது. அதுகிட்டயே சொல்லிடலாம். 'டப்பிங் ரூம்ல ஆரம்பி. ஒரு அடி கூட வெளியே வைக்காதே. எவன் கை காட்டினாலும் பின்னாலயே போகாதே. கால் வாசப்படியைத் தாண்டுதுன்னா அங்கேயே நில்லு.' இப்படி ஒரு கட்டுப்பாடு போடற வசதி அதுலயே இருக்கு. நான்தான் சோம்பேறித்தனமா பேரைப் பார்த்துட்டு விட்டுட்டேன்."

"அந்த இருமலை வெச்சது யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. டப்பிங்காரங்க எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். மறந்துடக் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க."

"பூட்டு மேலேயே சாவியைத் தொங்கவிட்ட புண்ணியவான்கள்" என்றாள் பட்டாசு.

அண்ணி எழுந்தார். "இருமலை அழிக்காதீங்க. கட்டுப்பாட்டை மட்டும் போடுங்க. திறக்க முடியலேன்னா கேக்கிறவங்களுக்கு என்ன வரும்?"

"'அனுமதி இல்லை'ன்னு வரும்."

"அதுக்குப் பதிலா நான் சொல்றதைப் போடுங்க."

அண்ணி அவர் காதில் எதையோ சொன்னார். கணினிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவை. பட்டாசு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தும் ஒரு எழுத்து கூடக் காதில் விழவில்லை.

"எனக்கும் சொல்லலாமே அண்ணி."

"உன்கிட்ட சொன்னா முந்திரிக்கொட்டைக்குத் தனியா வேலை இருக்காது."

தாழ்வாரத்தில் கதாசிரியர் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது. "திருடறவன் ரசனையோட திருடக் கூடாதா மேடம்? வில்லி ஜெயிலுக்குப் போறாள்னு எழுதினேன், கசிஞ்சுது. வில்லி லாரியில அடிபட்டுச் சாகறாள்னு மாத்தினேன், கசிஞ்சுது. அதிர்ச்சியில வில்லிக்குப் பேச்சே போயிடுதுன்னு எழுதினேன், அதுவும் கசிஞ்சுது. ஆனா வில்லிக்கு ஒரு இரட்டைத் தங்கச்சி இருக்கான்னு நடுவுல எழுதினேனே, என் வாழ்க்கையிலேயே பெரிய திருப்பம்! அதே ஃபைல்ல முடிவுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அதைத் தொடவே இல்ல. அவ்வளவு மட்டமாவா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருந்ததுனாலதான் தொடலை" என்றார் அண்ணி. கதாசிரியர் பூரித்துப் போனார். பட்டாசுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

டப்பிங் அறையில் இடைவேளை. சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருந்ததால் பேசினால் வார்த்தை தரையில் விழுந்து காணாமல் போவதுபோல இருந்தது. ஒரு மூலையில் தடித்த உடம்பும் கனத்த மீசையுமாக ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மாமனாருக்குக் குரல் கொடுத்தவர். இருமல் அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் பக்கத்தில் வில்லிக்குக் குரல் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். தயாரிப்பாளரின் மச்சினி, அதாவது அவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அவள் சிரித்தால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும் என்பதால் சிரிப்பு என்றே அவளைக் கூப்பிட்டார்கள்.

பட்டாசு நேரே போய் இருமல் அண்ணன் முன்னால் நின்றாள்.

"மாட்டினீங்களா? செத்ததுக்கப்புறம் சர்வர்ல இருமி வெச்சது நீங்கதானே?"

"என்னம்மா சொல்றே?"

"'இருமல்'னு ஒரு ஃபைல் இருக்கு."

"எந்த இருமல்?"

"வெறும் இருமல்."

அந்த மனிதர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். திருட்டுப் பட்டத்தைவிட வேறெதுவோ அவரைச் சுட்டுவிட்டது தெரிந்தது.

"வெறும் இருமலா? மருமகளைக் கூப்பிடற இருமல் ஒண்ணு." இருமிக் காட்டினார். "மகனை அதட்டற இருமல் வேற." அதையும் செய்தார். "சொத்துப் பேச்சு வந்தா ஒண்ணு. சம்பந்தி வந்தா ஒண்ணு. பொய்யா இருமறது தனி. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு வெச்சுத்தான் குடுத்திருக்கேன். வெறும் 'இருமல்'னு பேரு வெச்சவனுக்கு இருமலைப் பத்தி என்னம்மா தெரியும்?"

பட்டாசு நனைந்த பட்டாசாகிவிட்டாள். சம்பந்தி இருமலில் நிஜமாகவே ஒரு சம்பந்தியின் திமிர் இருந்தது. இந்த மனிதர் அப்படிப் பேர் வைக்கவே மாட்டார்.

"அண்ணனை விட்டுடுங்க, பாவம்" என்றாள் சிரிப்பு. "ஒரு காலத்துல அவர் இருமினா தெருவே டி.வி. சத்தத்தைக் கூட்டும். இப்போ கூட்டத்தோட கூட்டமா நின்னு 'ஆமா, ஆமா'ன்னு முணுமுணுக்கிறதுதான் வேலை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நாய் எதுவும் குரைத்திருக்காது.

"நாங்க கிளம்பறோம். கடைசி முடிவை எழுதி சர்வர்ல வெச்சாச்சாம். நாளைக்குத்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாங்களாம்" என்று அண்ணி கதவருகில் நின்று, பொழுது போகாதவர் மாதிரி சொன்னார்.

வெளியே வந்ததும் பட்டாசு பொரிந்தாள். "என்ன அண்ணி, தண்டோரா போடறீங்க! திருடன் உள்ளே இருந்தா?"

"இருந்தா காதுல விழுந்திருக்கும்."

தயாரிப்பாளரின் அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அண்ணி சொல்லவில்லை. கதாசிரியர் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டுப் பேனா மூடிக்கு வந்திருந்தார். ஜன்னல் வெயில் சாய ஆரம்பித்தது. தயாரிப்பாளர் பொறுமையிழந்து போனை எடுத்தார்.

"போதும்மா. நீங்க துப்பறிஞ்சது போதும். நான் ஸ்டேஷனுக்கே போன் பண்றேன்."

கணினிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. சிரிப்பு நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர்.

"மாமா! இது உங்களுக்கே நல்லா இருக்கா? இவ்வளவு நாள் நான் தொண்டை கிழியச் சிரிச்சதுக்கு, கடைசி எபிசோடுல வில்லிக்கு வேற ஆளை வெச்சுக் குரல் குடுக்கப் போறீங்களாமே!"

"என்ன உளர்றே? யார் சொன்னா?" தயாரிப்பாளர் நிஜமாகவே விழித்தார்.

"யார் சொன்னா என்ன? உண்மையா இல்லையா?"

"யாரும் சொல்லல" என்றார் அண்ணி மெல்ல. "நான்தான் எழுதினேன். 'வில்லிக்குக் குரல் மாற்றம். புதிய பெண் நாளை வருகிறார்.' இந்த உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் அந்த வரி இருக்கு. டப்பிங் ரூம் வழியா இருமலைத் திறக்கப் போனா, திரையில வரும். அதுவும் திறக்கப் போனவங்களுக்கு மட்டும்."

சிரிப்பின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. திரும்பி ஓடலாமா என்று ஒரு கணம் அவள் கால் யோசித்தது பட்டாசுக்குத் தெரிந்தது. பிறகு அவளாகவே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜெயில், சாவு, ஊமை. கசிஞ்ச முடிவு எல்லாத்துலயும் வில்லியோட குரல் போச்சு" என்றார் அண்ணி. "இரட்டைத் தங்கச்சி வந்தா ஒரே தொண்டைக்கு ரெட்டை வேலை. அது மட்டும் கசியவே இல்ல."

பட்டாசுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. கதாசிரியருக்கோ முகம் தொங்கிவிட்டது. ரசனை இல்லாத திருட்டே மேல் என்று தோன்றியிருக்கும்.

"கசிஞ்சா கதாசிரியர் முடிவை மாத்துவார்" என்று சிரிப்பு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ரெண்டாம் பாகத்துல உயிரோட மிச்சமிருக்கிறவங்களுக்குத்தான் வேலை. இருமல் அண்ணனைத் தினம் பார்க்கறேன். மைக்குக்கு முன்னாடி சிங்கம் மாதிரி நின்ன மனுஷன், இப்போ கும்பலுக்குப் பின்னாடி நின்னு உதட்டை அசைக்கிறார். எனக்கு பயமா இருந்துச்சு. அவர் பேரைக் கெடுக்கணும்னு வைக்கல. செத்தவர் இருமலை யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே!" என்று தயாரிப்பாளர் தலையில் கை வைத்தார். "எல்லாம் மறந்து போச்சு மாமான்னு சொன்னியேடி!"

"வேலைக்கு ஆகாததுதான் மறந்துச்சு."

தயாரிப்பாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் குரல் ஸ்டூடியோ மெத்தைபோல மிருதுவாகியிருந்தது. "சரி, சரி. நம்ம குடும்ப விஷயம். நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். வெளியே தெரிய வேண்டாம். என்னங்க?"

"போலீஸ்?" என்றாள் பட்டாசு அப்பாவியாக.

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா."

அண்ணி அசையவில்லை. "உங்க மச்சினியை நீங்க என்ன வேணா பண்ணுங்க. ஆனா இவரைத் திருடன்னு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, இல்லேன்னும் அதே சத்தத்துல சொல்லணும். கதவைத் திறந்து வெச்சுட்டு."

தயாரிப்பாளர் அண்ணியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திறந்தார். தாழ்வாரத்தில் எடிட்டிங்காரர்களும் மேக்கப்காரர்களும் காதை வைத்திருந்த இடத்திலிருந்து அவசரமாக நிமிர்ந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க! இவர் திருடன் இல்ல! தப்பு என் மேல! மன்னிச்சிடுங்க!"

கோப்பைகள் மறுபடியும் கிணுகிணுத்தன. கணினிக்காரர் அடையாள அட்டையிலிருந்து கையை எடுத்தார். முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் தயாரிப்பாளர் பக்கம் போனை நீட்டினார். அங்கேயும் ஒரு தடவை கத்தி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "என்னால உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அந்தச் சுட்டியை நல்லாத்தான் போட்டிருந்தீங்க" என்றார் கணினிக்காரர் விறைப்பாக. "ஆனா இனிமே உள்ளே போகாது."

தயாரிப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பெரிய கண்டம் இன்னும் பாக்கி இருந்தது. "உன் அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் வறுத்து எடுப்பா. தங்கச்சியைத் திருடின்னு சொன்னா விடுவாளா?"

"மறைச்சா இன்னும் மோசம் சார். இப்பவே சொல்லிடுங்க" என்று பட்டாசு நல்லவள் மாதிரி யோசனை சொன்னாள்.

மனிதர் வீட்டுக்குப் போன் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார் போலிருக்கிறது. அறை முழுக்கக் கேட்டது. மென்று விழுங்கி, தங்கை செய்ததை எல்லாம் ஒப்பித்து முடித்தார்.

மறுமுனையில் மனைவி சலித்துக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க. முந்திரிக்கொட்டையில போடறதே நான்தானே. கேட்டா நீங்க சொல்றீங்களா? இன்னிக்கு இவ்வளவு நேரம் ஆச்சு, அவ இன்னும் ஒண்ணுமே அனுப்பல. கடைசியில வில்லி சாகறாளா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல!"